முதல் மழை பெய்யும்போது மதகடிக்கு வாருங்கள்

வடக்கு மாகாணத்தின் மாவட்டச் செயலர்களுக்கும், நீர்ப்பாசனப் பொறியியலாளர்களுக்கும், கமநல சேவை நிலையங்களில் இருப்போருக்கும், பிரதேச சபைத் தவிசாளர்களுக்கும், வீதி வேலை பார்ப்போருக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

புரட்டாதி பாதி கழிந்துவிட்டது. சோளகமாகிய தென்மேற்குக் காற்று தளர்ந்து, காற்று எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாதபடி நிற்கிறது. பிற்பகலானால் வன்னிக் காட்டுப் பக்கம் வானம் கருக்கட்டி இடிக்கிறது. ஓர் ஊரில் கொட்டுகிறது, அடுத்த ஊரில் புழுதி பறக்கிறது. வங்கக் கடலில் தாழமுக்கம் உருவாகும் காலத்துக்கு இன்னும் ஆறு முதல் எட்டுக் கிழமை இருக்கிறது. வெள்ள ஆயத்தக் கூட்டம் வழமையில் மழை நெருங்கிய பிறகுதான் கூடும். பேச்சு பெரும்பாலும் சமைத்த உணவு, பாய், இடைத்தங்கல் முகாம், எந்தப் பாடசாலையைத் திறப்பது என்பதோடு முடியும். அதெல்லாம் தேவைதான். ஆனால் அந்த நேரத்தில் தண்ணீரைப் பற்றிச் செய்யக்கூடியது எதுவும் மிச்சம் இராது. நாங்கள் கேட்பது ஒன்றே: அந்தக் கூட்டத்தை இப்போதே கூட்டுங்கள். ஐப்பசியின் முதல் பெருமழை விழும்போது அலுவலகத்தில் இராமல், கையில் ஒரு கோலும் கொப்பியுமாக வீதிக்குக் கீழே தண்ணீர் போகும் மதகடியிலும், குளம் நிறைந்து மிஞ்சும் நீர் வழியும் வானடியிலும் நில்லுங்கள்.

ஏன் முதல் மழை? வடக்கில் இரண்டு வகை மழை உண்டு. அவை தரும் வெள்ளமும் இரண்டு வகை. ஒக்டோபரும் நவம்பரும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கணக்கில் இரண்டாவது இடைப்பருவப் பெயர்ச்சிக் காலம். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி. இடைப்பருவத்தின் முதற்பாதியில் பெய்வது பெரும்பாலும் வெப்ப மழை. பகலில் நிலம் காய்ந்து, இரு கரையிலிருந்தும் கடற்காற்று உள்ளே வந்து மோதி, மாலையில் இடியோடு ஒன்று இரண்டு மணித்தியாலம் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். அது குளத்தை நிரப்பாது, ஒழுங்கையையும் கடைத்தெருவையும் நிரப்பும். கார்த்திகையில் தாழமுக்கத்தோடு வருவது வேறு. காற்றோடு இருபத்துநான்கு மணித்தியாலமும் விடாமல் பெய்து, ஆற்றையும் குளத்தையும் ஒன்றாக எழுப்பும். முதல் வகை இரண்டாவதுக்கு ஒத்திகை. எந்த மதகு பின்தள்ளுகிறது, எந்த வாய்க்கால் அடைபட்டிருக்கிறது, எந்தக் கட்டில் தாழ்வு இருக்கிறது என்பதை ஆளுயிருக்குச் சேதம் இல்லாமல் காட்டித் தரும் இரண்டு மணித்தியாலம் அது. அதை நாம் வருடாவருடம் சாளரத்துக்குள் இருந்து பார்த்துவிட்டுத் தேநீர் குடிக்கிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. மழைமானியில் விழும் எண்ணும் குளத்தில் ஏறும் எண்ணும் ஒரே விகிதத்தில் போவதில்லை. புரட்டாதி இறுதியில் நிலம் வெடித்துக் கிடக்கிறது, சிறு குளங்கள் வற்றிக் கிடக்கின்றன, காடு தாகமாய் இருக்கிறது. 100 மி.மீ. பெய்தாலும் பெரிய குளத்தின் நீர்மட்டக் கோலில் சில அங்குலம் ஏறினால் பெரிது. அதே 100 மி.மீ. மார்கழியில், மண் நிறைந்து மேலுள்ள சிறு குளங்கள் எல்லாம் வான் பாயும் நேரத்தில் விழுந்தால், பாதிக்கு மேல் நேரே ஓடிவரும். “போன மாதமும் இவ்வளவு பெய்தது, ஒன்றும் நடக்கவில்லையே” என்று சொல்லும் அதிகாரிக்கு நாங்கள் காட்டவேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான்.

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தை எடுத்துக்கொள்வோம். கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கிய கட்டு அது. பிறகு பலமுறை உயர்த்தப்பட்டது. கடைசிப் புனரமைப்பில் நிறுத்தும் நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாகி, கொள்ளளவு 106,500 ஏக்கர் அடியிலிருந்து 119,500 ஏக்கர் அடியானது (ஓர் ஏக்கரில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் நீர் ஓர் ஏக்கர் அடி). நீரேந்து பரப்பு ஏறத்தாழ 227 சதுர மைல், அதாவது 588 சதுர கிலோமீற்றர். ஒரு சதுர கிலோமீற்றரில் ஒரு மில்லிமீற்றர் பெய்தால் 1,000 கன மீற்றர் தண்ணீர். 588 சதுர கிலோமீற்றரிலும் 100 மி.மீ. பெய்து பாதி ஓடிவந்தால் 29.4 மில்லியன் கன மீற்றர். அதை ஏக்கர் அடியாக மாற்றினால் கிட்டத்தட்ட 24,000. மேல் இரண்டு அடியில் நிற்கக்கூடியது 13,000 ஏக்கர் அடிதான். ஆகவே மார்கழியில் 100 மி.மீ. மழை என்றால் குளத்தில் ஏறத்தாழ நான்கு அடி.

இப்போது வான்கதவுப் பக்கம் வாருங்கள். செக்கனுக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் இரண்டு ஏக்கர் அடி. 24,000 ஏக்கர் அடியை ஒரே நாளில் வெளியேற்ற செக்கனுக்கு 12,000 கன அடி வேண்டும். மூன்று நாளில் என்றால் 4,000 போதும். குளம் 36 அடிக்கு வந்த பிறகு தாழமுக்கம் வந்தால் முதலாவதைத் தவிர வேறு தெரிவு இல்லை. பன்னங்கண்டி, முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளைப் பக்கத்து வீடுகளுக்கு 4,000 கன அடிக்கும் 12,000 கன அடிக்கும் உள்ள வித்தியாசம், முற்றத்தில் தண்ணீரா கட்டிலின் மேல் தண்ணீரா என்பதுதான். 2018இல் புதுப்பித்த குளம் டிசெம்பர் 7இல் திறந்து வைக்கப்பட்டது. அதே மாதம் 21ஆம் திகதி இரவு பெய்த மழையோடு கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தாழ்ந்தன. யார் பிழை என்று பழையதைக் கிளற நாங்கள் வரவில்லை. அதற்கு விசாரணைகள் நடந்தன. எங்களுக்கு வேண்டியது நேரத்தோடு எழுதி ஒட்டிவைத்த ஒரு மட்டம்.

எங்கள் முன்மொழிவு இது: மார்கழி முடியும்வரை 32 அடிக்கு மேல் நிறுத்துவதில்லை. தை பிறந்ததும் வங்கக் கடலைப் பார்த்துக் கிழமைக்கு ஓரடியாக ஏற்றுவது. கார்த்திகை போனால் பயம் போனது என்பது வடக்குக்குப் பொருந்தாது. 2020இல் புரெவிப் புயல் வந்தது டிசெம்பர் 2, 2018 வெள்ளம் டிசெம்பர் 21. 32 அடியைத் தாண்டும் தறுவாயில் கதவைப் பகலில், கொஞ்சம் கொஞ்சமாகத் திறவுங்கள். நடுச்சாமத்தில் எல்லாக் கதவையும் ஒரே மூச்சில் தூக்கும் நிலை வந்தால், திட்டம் அதற்கு மூன்று நாள் முன்னரே பிழைத்துவிட்டது என்று பொருள்.

இதற்கு ஒரு விலை உண்டு, மறைக்க மாட்டோம். ஏதோ ஒரு வருடம் தை பொய்த்துப்போகும். குளம் நான்கு அடி குறைவாக, கோடைப் பயிர்க்காலமான சிறுபோகத்துக்குள் போகும். சிறுபோக நெல்லுக்கு ஏக்கருக்கு ஐந்து ஏக்கர் அடி என்று வைத்தால், 24,000 ஏக்கர் அடி என்பது நாலாயிரத்துக்கு மேற்பட்ட ஏக்கர். குளத்துக்கு மேலே நிற்கும் பொறியியலாளர் கதவில் கைவைக்கத் தயங்குவது இதனால்தான். திறந்த பிறகு மழை வராவிட்டால் கமக்காரர் திட்டுவர், திறக்காமல் மழை வந்தால் ஊரே திட்டும். அந்தச் சுமையை ஓர் ஆளின் தலையில் வைக்காதீர்கள். மாரிப் பயிர்க்காலமான காலபோகத்தின் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், கமக்காரர் அமைப்புகளின் முன்னால், 32 அடி என்பதைத் தீர்மானமாக எழுதி எல்லோரும் ஒப்பமிடுங்கள். தை பொய்த்த வருடத்தில் விடுபட்ட ஏக்கருக்கு என்ன ஈடு என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். அது எழுதப்படாதவரை வெள்ளம் வரும் ஊருக்கும் தண்ணீர் வேண்டிய வயலுக்கும் சண்டை மூட்டிவிட்டுத் திணைக்களம் நடுவில் நிற்கும்.

பெரிய குளத்துக்குப் பொறியியலாளர் உண்டு, காவலாள் உண்டு, படம் எடுக்கப் பத்திரிகையாளரும் வருவர். உடைவது பெரும்பாலும் சிறு குளம். வன்னியில் அவை தொடராக இருக்கின்றன, மேல் குளத்தின் வான் கீழ்க் குளத்தின் அலைகரைக்குள், அதாவது நீர் பரவி நிற்கும் பகுதிக்குள் விழும். மேலே ஒன்று உடைப்பெடுத்தால் அதன் முழுத் தண்ணீரும் சிறிது நேரத்தில் அடுத்ததில் வந்து மோதும். அடுத்ததும் போகும். ஆகவே சிறு குளங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் கட்டின் உயரம். கட்டு முழுக்க ஒரே உயரம் என்று வரைபடம் சொல்லும். உண்மையில் மாடும் உழவியந்திரமும் ஏறி இறங்கும் இடம் ஒன்றரை இரண்டு அடி பதிந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். அரை அங்குலத் தெளிவான குழாய் 60 அடி வாங்கி, காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒருவர் வானின் மேல்விளிம்பில் ஒரு முனையைக் கோலோடு பிடிக்கட்டும், மற்றவர் கட்டின் மேல் 50 அடி தள்ளி மறுமுனையைப் பிடிக்கட்டும். இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். கோலில் உள்ள அளவுகளைக் கழித்தால் வானைவிடக் கட்டு எவ்வளவு உயரம் என்று வந்துவிடும். பிறகு மாறி மாறி முன்னே நகர்ந்து கட்டு முழுக்க 50 அடிக்கு ஓர் அளவு குறியுங்கள். இருவர் ஒரு காலையில் முடித்துவிடக்கூடிய வேலை. மூன்றடி இருந்தால் நல்லது. இரண்டடிக்குக் கீழே போன இடம் எல்லாம் சிவப்புக் குறி. வான் ஓரடி உயரத்துக்குப் பாயும்போது, வாடைக் காற்று தூக்கும் அலை இன்னோர் அடி. அப்போது அந்தத் தாழ்வில் தண்ணீர் கட்டைத் தாண்டும். மண்கட்டைத் தண்ணீர் தாண்டினால் பிறகு பேசிப் பயனில்லை. முப்பது அடி நீளமான தாழ்வை ஓரடி உயர்த்த மண்மூடை அடுக்கினால் போதும். மழைக்கு முன்னர் மண் போட்டு நனைத்து இடித்துவிட்டால் மூடையே தேவைப்படாது.

அடுத்தது கசிவு. உடும்பு, முள்ளம்பன்றி, எலி தோண்டிய பொந்து, கறையான் புற்று, வெட்டிய மரத்தின் அழுகிய வேர் என்று கட்டுக்குள் வழி பல. பற்றை மூடியிருந்தால் எதுவும் தெரியாது. ஆகவே கட்டையும் அதன் வெளி அடிவாரத்திலிருந்து பத்தடியையும் வெளியாக்குங்கள். குளம் அரைவாசிக்கு ஏறிய அன்று அந்த அடிவாரத்தில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். ஈரம் பரவலாக, தெளிந்த நீராக இருந்தால் குறித்து வைத்துத் தினமும் பாருங்கள். ஒரு துளையிலிருந்து கலங்கிய நீர் வந்தால், மண்ணைத் தூக்கிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அதற்கு மணித்தியாலக் கணக்கில்தான் அவகாசம்.

அப்போது செய்யும் பெரிய பிழை, வெளிப்பக்கத்துத் துளையைக் கல்லும் சீலையும் வைத்து அடைப்பது. அடைத்தால் தண்ணீர் பக்கத்தில் புதுவழி எடுக்கும், கட்டு உள்ளுக்குள் கரையும். துளையைச் சுற்றி மூடைகளை வட்டமாக, கிணற்றுக் கட்டுப்போல அடுக்குங்கள். உள்ளே நீர் எழும்பி அழுத்தம் சமப்பட்டு, வருவது தெளியும்வரை உயர்த்துங்கள். தெளிந்ததும் நிறுத்துங்கள், மேலால் வழிந்து ஓடட்டும். அடைக்கும் வேலை குளத்து உள்பக்கத்தில்: நீர் சுழித்து இறங்கும் இடத்தைத் தேடித் தறப்பாள் விரித்து, அதன்மேல் களிமண் மூடை போடுவது. உரப்பையை நிரப்பிக் கட்டாதீர்கள். பாதி, மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்கு. நிறைந்த மூடை உருளைக்கிழங்குபோல உருளும், இடையில் தண்ணீர் போகும். தளர்ந்த மூடைதான் ஒன்றோடொன்று படிந்து உட்காரும். ஒவ்வொரு குளத்தடியிலும் 300 வெறும் பை, இரண்டு தறப்பாள், ஒரு குவியல் களிமண், நான்கு மண்வெட்டி, இரண்டு நல்ல ரோச் லைட். இவ்வளவும் ஐப்பசிக்குள் இருக்கவேண்டும். களிமண்ணைத் தறப்பாளால் மூடி வையுங்கள். மழையில் ஊறிய களியை இரவில் வெட்டிப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

துருசுக் கதவு, அதாவது குளத்து நீரை வாய்க்காலுக்கு விடும் அடிக்கதவு. அதன் திருகுத் தண்டு ஆவணியில் துருப்பிடித்து இறுகியிருக்கும். வரண்ட குளத்தில்தான் அதைச் சுரண்டி, கிறீஸ் பூசி, முழுக்கத் திறந்து முழுக்க மூடிப் பார்க்கமுடியும். பத்தடித் தண்ணீருக்குக் கீழே அல்ல.

இனி எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் எழுதுகிறோம். வானின் மேல் பலகை வைத்து, மூடை அடுக்கி, ஓரடி கூடுதலாகத் தண்ணீர் மறிப்பது கமக்காரர்தான். வானுக்குக் குறுக்கே வலைகட்டுவது மீன்பிடிப்போர். அந்த வலையில் சல்வீனியா என்ற நீர்க்களையும் ஆகாயத்தாமரையும் சேர்ந்து அடைத்துவிட்டால் பலகையைவிட மோசம். இந்த ஓரடியால்தான் கட்டில் மூன்றடி இருந்த பாதுகாப்பு இரண்டடியாகிறது. ஐப்பசி முதலாம் திகதிக்குப் பிறகு வானில் பலகையோ வலையோ இருந்தால் கிராம அலுவலர் எடுத்துப் போடலாம், யாரும் கேள்வி கேட்கமுடியாது என்று அமைப்புக் கூட்டத்தில் நாங்களே தீர்மானம் போடுகிறோம். நீங்கள் அதை அறிவித்தலாக்குங்கள்.

வீதிகளுக்கு வருவோம். போருக்குப் பிறகு வன்னியிலும் குடாநாட்டிலும் வீதிகள் நன்றாகப் போடப்பட்டன, உயர்த்தியும் போடப்பட்டன. உயர்ந்த வீதி என்பது தண்ணீருக்கு ஓர் அணைக்கட்டு. மதகின் அளவு பழையபடியே இருந்தால், சில இடத்தில் அதைவிடச் சிறிய ஹியூம் (கொங்கிரீற்) குழாய் போடப்பட்டிருந்தால், வீதி ஒரு பக்கத்தைக் காயவைத்து மறுபக்கத்தைக் குளமாக்கும். கணக்கு இதுதான். வீதிக்கு மேற்பக்கம் 25 ஏக்கர் நிலம் சாய்ந்திருக்கிறது என்று வையுங்கள். மாலை மழை ஒரு மணித்தியாலத்தில் 50 மி.மீ. அடித்து, பாதி ஓடிவந்தால் செக்கனுக்கு ஏறத்தாழ 25 கன அடி. இரண்டடி விட்டமுள்ள குழாயின் வாய் 3.14 சதுர அடி, செக்கனுக்கு ஐந்தடி வேகத்தில் ஓடினாலும் 15, 16 கன அடிதான் போகும். மிச்சம் வீட்டுக்குள். குழாய்க்குள் பாதி மண் நிறைந்திருந்தால் எட்டு.

இரண்டடிக் குழாய் இரண்டு போட்டால் மூன்றடிக் குழாய் ஒன்றைவிடக் கூட என்று மதிப்பீட்டுத் தாளில் எழுதுகிறவர்களுக்கு: இரண்டு இரண்டடிக் குழாயின் வாய் சேர்ந்து 6.3 சதுர அடி, ஒரு மூன்றடிக் குழாய் 7.1 சதுர அடி. அதோடு சிறுகுழாயில் ஒரு மட்டையும் ஒரு பொலித்தீன் பையும் சிக்கினால் கதை முடிந்தது. ஆறடி அகலமும் நான்கடி உயரமுமான பெட்டி மதகு 24 சதுர அடி, உள்ளே ஆள் குனிந்து போய்த் துப்புரவாக்கவும் முடியும். ஓடும் இடத்தில் பெட்டி மதகு, தேங்கும் இடத்தில் மட்டும் குழாய் என்று வைத்தால் பெருஞ்செலவு வராது.

முதல் மழையில் செய்யவேண்டியது: ஒவ்வொரு மதகின் இரு பக்கத்திலும் கறுப்புப் பெயின்ரால் அடிக்கணக்குக் கீறுங்கள். மழை பெய்யும்போது மேற்பக்க மட்டத்தையும் கீழ்ப்பக்க மட்டத்தையும் ஒரே நேரத்தில் குறியுங்கள். இரண்டுக்கும் அரை அடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மதகுதான் அடைப்பு. வித்தியாசம் இல்லாமல் இரண்டு பக்கமும் நிறைந்து நின்றால் மதகை உடைத்துப் பயனில்லை, கீழே வாய்க்காலில்தான் குறை. இதைத் தெரியாமல் வருடாவருடம் மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் கொண்டுவந்து வீதியை வெட்டுகிறோம். வெட்டிய வீதியைத் திரும்பப் போடத் தையில் கேட்டு, ஆனியில் பணம் வந்து, ஆவணியில் கேள்விப்பத்திரம் கோர, அடுத்த ஐப்பசியில் மறுபடி மழை.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இதே கணக்கு அப்படியே செல்லாது. அங்கே சுண்ணக்கல், ஆறு என்று சொல்ல வழுக்கியாறு ஒன்றே. மழைநீர்தான் கிணறு, கிணறுதான் குடிநீர். ஆகவே “தண்ணீரை விரைவாகக் கடலுக்கு அனுப்புங்கள்” என்ற நகரசபைப் பேச்சை அங்கே முழுதாக ஏற்க முடியாது. முதல் மழை குளங்களுக்குள் போகவேண்டும், மிஞ்சுவது வெள்ளவாய்க்காலால் கடல்நீரேரிக்குப் போகவேண்டும். இப்போது நடப்பது தலைகீழ். குளத்துக்கு வரும் வாய்க்கால் மதிலாலும் குப்பையாலும் அடைபட்டு, குளம் காலியாகக் கிடக்க வீட்டுக்குள் தண்ணீர். பிரதேச சபைகள் பழைய நில அளவைப் படங்களில் வெள்ளவாய்க்கால் எங்கே ஓடுகிறது என்று எடுத்து, நிலத்தில் வெள்ளைச் சுண்ணாம்பால் கீறிக் காட்டினாலே பாதிச் சண்டை தீரும். கட்டட அனுமதி கொடுக்கும் மேசையில் அந்தப் படம் ஒட்டியிருக்கட்டும்.

அராலியிலும் தொண்டைமானாற்றிலும் உள்ள தடுப்பணைக் கதவுகள் இரண்டு வேலை செய்கின்றன: உவர்நீரை உள்ளே விடாமல் மறிப்பது, வெள்ளத்தை வெளியே விடுவது. கோடையில் மூடியது ஐப்பசியில் திறக்குமா என்று இப்போதே பாருங்கள். கடல் மட்டம் உள்ளே இருக்கும் நீரைவிட உயர்ந்திருக்கும் நேரத்தில் திறந்தால் உப்புத்தான் உள்ளே வரும். ஆகவே காவலாளிக்கு இரண்டு பக்கத்திலும் நீர்மட்டக் கோல் வேண்டும், எது உயரம் என்று பார்த்துத் திறக்க.

2008 நவம்பர் 25இல் நிஷா புயலோடு யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 390 மி.மீ. பெய்தது. ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட. அப்படி ஒரு நாளுக்கு எந்த வாய்க்காலும் போதாது. அன்றைக்குத் தேவை ஆட்களை நேரத்தோடு நகர்த்துவதும், பிறகு கிணறுகளைக் காப்பதும். வெள்ளம் வடிந்ததும் கிணற்றை இறைத்து வற்றவைக்கச் சொல்லி அறிவித்தல் போடாதீர்கள். சுற்றியுள்ள நிலம் நிறைந்திருக்கும்போது இறைத்தால் மலக்குழி நீரைக் கிணற்றுக்குள் இழுப்பீர்கள், கட்டாத கிணறு இடிந்தும் விழும். குளோரின் இடுங்கள். பத்தடி விட்டமும் பத்தடித் தண்ணீரும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 22,000 லீற்றர் இருக்கும். லீற்றருக்கு ஐந்து மில்லிகிராம் குளோரின் என்று கணக்கிட்டால், 30 வீதம் குளோரின் உள்ள வெளிற்றும் தூள் 370 கிராம் வேண்டும். அதை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியவிட்டுத் தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் ஊற்றி, வாளியால் மேலும் கீழும் கலக்கி, பன்னிரண்டு மணித்தியாலம் விடவேண்டும். ஊறாத புதுத் தூளாக இருக்கவேண்டும், போன வருடம் திறந்து வைத்த பை வெறும் சுண்ணாம்புதான். அதன் பிறகும் குடிப்பது கொதித்தாறிய நீர்.

எலிக்காய்ச்சலையும் இதோடு சேர்த்தே பார்க்கவேண்டும். 2024 கார்த்திகை மழைக்குப் பிறகு, டிசெம்பரில் யாழ். மாவட்டத்தில் அது உயிர்களைக் கொண்டுபோனது. வயலில் இறங்குவோருக்குத் தடுப்பு மாத்திரையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வெள்ளம் வடிந்த பிறகு தேடிக் கொடுப்பதைவிட, விதைப்பு மானியம் கொடுக்கும் அதே வரிசையில் பதிவு எடுத்துக்கொண்டால் ஆள் தவறாது. வடிகால் துப்புரவாக்க இறங்கும் சபைத் தொழிலாளருக்கு முழங்காலளவு சப்பாத்தும் அப்படியே. காலில் காயத்தோடு வடிகானுக்குள் இறக்காதீர்கள்.

எச்சரிக்கை அறிவிப்பு. “வடக்கு, கிழக்கு மாகாணங்களில் சில இடங்களில் 100 மி.மீ.இற்கும் அதிகமான மழை பெய்யலாம்” என்பது சரியான வானிலைச் செய்தி. ஊரியானில் ஆடு மாடு வைத்திருப்பவருக்கு அது எதையும் சொல்லவில்லை. அவருக்கு வேண்டியது: குளம் இப்போது எத்தனை அடி, எத்தனை மணிக்கு எவ்வளவு திறக்கிறார்கள், தண்ணீர் தன் படலைக்கு எப்போது வரும். கடைசிக் கேள்விக்கு விடை இந்த ஐப்பசியிலேயே கண்டுபிடிக்கலாம். கதவைச் சிறிதளவு திறந்து, பன்னங்கண்டியிலும் முரசுமோட்டையிலும் கண்டாவளையிலும் ஆள் நிறுத்தி, தண்ணீர் வந்த நேரத்தைக் குறித்தால் போதும். பெருவெள்ளம் அதைவிட விரைவாக வரும் என்பதால் அந்த நேரத்தில் பாதியை மட்டும் நம்பச் சொல்லுங்கள். அந்த எண்களைப் பாலத்தடியிலும் கடையிலும் கோயில் மண்டபத்திலும் எழுதி ஒட்டுங்கள்.

மேலிருந்து தகவல் வருவதற்குப் புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் பக்கத்துப் பாடசாலைகளில் மழைமானி ஒன்று வைத்தால் போதும். காலை எட்டரைக்கு வாசிப்பது வழமை. அடைமழை நாளில் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை. வாசித்த எண் தொலைபேசியில் நேரே கதவடிக்குப் போகவேண்டும். கொழும்புக்குப் போய், மாவட்டத்துக்கு வந்து, பிரதேசத்துக்கு இறங்கி வரும்போது மழை விட்டிருக்கும். மின்சாரம் போய்த் தொலைபேசிக் கோபுரமும் ஓய்ந்த இரவுக்குக் கோயில் மணியும் தேவாலய மணியும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் இருக்கின்றன. மணியை எத்தனை முறை அடித்தால் என்ன அர்த்தம் என்று முன்கூட்டியே ஊர்கூடிப் பேசிவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

விதைப்புப் பற்றி ஒரு சொல். புழுதியில் விதைத்த நெல் முதல் மழையில் முளைத்ததும் இரண்டு கிழமை வெயில் எறித்தால் கருகும், தாழ்ந்த வயலில் ஒரு கிழமை தண்ணீர் நின்றால் அழுகும். இந்த மாறாட்டத்தை நிறுத்த யாராலும் முடியாது. ஆனால் விதைப்புத் திகதியைக் கூட்டத்தில் ஒரே நாளாக அறிவிப்பதை விட்டு, மேட்டு வயல், நடு வயல், தாழ் வயல் என்று மூன்றாகப் பிரித்து அறிவிக்கலாம். தாழ் வயல் முந்த வேண்டும். பெருமழை வருமுன் பயிர் முழங்காலளவு வந்திருந்தால் ஐந்தாறு நாள் வெள்ளத்தைத் தாங்கும். விதை நெல்லும் உரமும் அந்தத் திகதிக்கு முன்னர் கமநல சேவை நிலையத்தில் இருக்கவேண்டும் என்பதைச் சொல்லித்தான் தெரியவேண்டும் என்று இல்லை.

ஒரு கோல், ஒரு கொப்பி, 60 அடிக் குழாய், ஒரு பேணி கறுப்புப் பெயின்ற். இவை எந்தத் திணைக்களத்தின் சில்லறைச் செலவிலும் அடங்கும். ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் அமைப்புப் பொருளாளரிடம் குளக்கட்டு அளவுகள் எழுதிய தாள் ஐப்பசி 15க்குள் இருக்கும். பிரதி வேண்டுமானால் மழை பெய்யும் நாளில் வானடிக்கு வாருங்கள், அங்கேயே தருகிறோம்.

இப்படிக்கு,
வான் பாயும் திசையில் வயலும் வீடும் வைத்திருப்போர்